60 அடி பனைமரம், ஒரு டிராக்டர், நாலு கயிறு... மொரப்பூர் பக்கம் தபசு மரம் நிற்பது இப்படித்தான்!

*நூறு பேர் இழுத்து நிறுத்திய மரத்தை இன்று டிராக்டர் லோடரும் பத்துப் பதினைந்து பேரும் நிறுத்திவிடுகிறார்கள். ஆனால், அர்ச்சுனன் வேஷம் கட்டியவர் இடுப்பில் பெல்ட் இல்லாமல்தான் இன்றும் அதில் ஏறுகிறார்.*

சென்னையிலிருந்து ஜோலார்பேட்டை வழியாகச் சேலம் போகிறவர்களுக்கு மொரப்பூர் என்பது ஜன்னல் வழியே கடந்துபோகும் ஒரு ஸ்டேஷன் பெயர். இறங்கி உள்ளே போனால் செம்மண், சரளை, நடுநடுவே தலை நீட்டும் பாறை, பனைமரங்கள். மழையை நம்பிய கொல்லைகள் அறுவடை முடிந்து வெறுமையாகக் கிடக்கும் கோடை மாதங்களில், தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் தொடங்கிவிடும். பகலில் பாரதக் கதை வாசிப்பு. இரவில், விடிய விடியத் தெருக்கூத்து. பெரும்பாலும் 18 நாள். சில ஊர்களில் கூடும், குறையும்.

அந்த நாட்களில் கூட்டம் அலைமோதும் நாள்கள் இரண்டு. ஒன்று, களிமண்ணால் செய்த பிரமாண்டமான துரியோதனனை மண்ணில் கிடத்தி நடத்தும் படுகளம். இன்னொன்று, அர்ச்சுனன் தபசு. பாசுபத அஸ்திரம் வேண்டி அர்ச்சுனன் சிவனை நோக்கித் தவமிருந்த கதைக்கு ஊரே சாட்சியாக நிற்கும். அதற்கு ஒரு மலை வேண்டுமே? அந்த மலைதான் தபசு மரம். 50, 60 அடி உயரப் பனைமரத்தை வெட்டவெளியில் நட்டு, நெடுகப் படி அடித்து, உச்சியில் ஒரு பரண் கட்டிவிடுவார்கள். அர்ச்சுனன் வேஷக்காரர் ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டுப் பாடிக்கொண்டே ஏறுவார்.

கீழே, குழந்தை வரம் கேட்டு வந்த பெண்கள் ஈரப்புடவையோடு மரத்தைச் சுற்றி விழுந்து வணங்கிக் கிடப்பார்கள். மேலிருந்து அர்ச்சுனன் வீசும் எலுமிச்சைக்கும் விபூதிக்கும் வில்வத்துக்கும் மடி ஏந்தக் காத்திருப்பார்கள். ஒருவேளை மரம் சாய்ந்தால் என்ன ஆகும் என்ற கேள்வியை அந்த நேரத்தில் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. முந்தைய நாளே அதைக் கேட்டுப் பதிலும் தேடி வைக்க வேண்டியவர்கள், மரத்தை நிறுத்தும் ஆட்கள்.

திரௌபதி வழிபாட்டின் வேர் செஞ்சி அருகிலுள்ள மேலச்சேரி என்பார்கள். அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் இந்த வழிபாட்டைப் பற்றி எழுதிய பெரிய நூலின் முதல் பாகம் 1988-ல் வந்தது. தபசு மரத்தின் பொருள், அதன் சடங்கு, அதைச் சுற்றிய நம்பிக்கைகள் பற்றியெல்லாம் படிக்க நிறைய இருக்கிறது. அந்த மரத்தை எப்படி நிமிர்த்துகிறார்கள் என்பதைப் படித்துத் தெரிந்துகொண்டவர்கள் குறைவு. அது கை வழியாகவே வந்த வித்தை.

எந்த மரம்?

பனையைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் எளிது. கிளை கிடையாது. நெட்டுக்குத்தாக வளரும். எல்லாவற்றையும்விட, அதன் பலம் வெளிப்புறத்தில் இருக்கிறது. தேக்கிலும் வேம்பிலும் நடுப்பகுதிதான் வைரம். பனையில் அப்படியே தலைகீழ். தோலை ஒட்டிய பகுதி கருத்து இறுகி இரும்பு போல இருக்கும். உள்ளே நார் நாராகச் சோறு. ஒரு குழாயை நட்டு வைப்பதற்குச் சமம். வளையும், சட்டென்று முறியாது.

அதனால்தான் இளமரம் ஆகாது. வெளிப்பக்கம் இறுகாத மரத்தில் படிக்கு அடித்த ஆணி இரண்டு நாளில் ஆடத் தொடங்கிவிடும். வயதான மரமாகப் பார்த்து, அடியிலிருந்து நுனிவரை தட்டிப் பார்த்து, சத்தம் பொத்தலாக வந்தால் விட்டுவிடுவார்கள். போன வருடத்து மரத்தையே மறுபடி நடுகிற ஊர்களில் இந்தச் சோதனை இன்னும் முக்கியம். முந்தைய திருவிழாவில் மண்ணுக்குள் இருந்த அடிப்பகுதியைத்தான் கரையான் முதலில் ருசி பார்த்திருக்கும். அந்தப் பாகத்தைக் கொத்திப் பார்த்து, சந்தேகம் இருந்தால் அறுத்துத் தள்ளிவிட்டு நடுவது நல்லது. மரம் 3 அடி குட்டையாவதால் அர்ச்சுனன் தவத்துக்கு ஒரு குறையும் வராது.

புது மரம் வெட்டுவதாக இருந்தால் ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. பனை தமிழ்நாட்டின் மாநில மரம். 2021-ல் வந்த வேளாண் பட்ஜெட்டில், பனையை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அரசு அறிவித்தது. திருவிழாவுக்குப் பத்து நாள் முன்னால் கோடரியோடு கிளம்பினால் சரிவராது. விண்ணப்பத்தை முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும்.

நூறு கை, ஒரு குரல்

டிராக்டர் வருவதற்கு முன்னால் இந்த வேலை எப்படி நடந்தது என்று தெரிந்தால்தான், டிராக்டர் எதை மாற்றியது, எதை மாற்றவில்லை என்பது புரியும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 60 அடி நீளம், சராசரியாக ஓர் அடிக்குச் சற்றே கூடுதலான குறுக்களவு என்று வைத்துக்கொண்டால், மரத்தின் எடை ஏறக்குறைய ஒன்றரை டன். பச்சை மரமாக இருந்தால் இன்னும் கூடும். இதை அலாக்காகத் தூக்கித் துளைக்குள் இறக்க மனிதர்களால் முடியாது. அதனால் தூக்க மாட்டார்கள், சாய்த்து நிமிர்த்துவார்கள்.

முதலில் குழி. அது வட்டக் குழி அல்ல. ஒரு பக்கச் சுவர் செங்குத்து. எதிர்ப் பக்கம் தரைமட்டத்திலிருந்து குழியின் அடிவரை சரிவாக ஒரு வாய்க்கால். மரத்தின் அடியை இந்த வாய்க்காலில் வைத்து, செங்குத்துச் சுவரில் முட்டக் கொடுத்துவிடுவார்கள். முட்டும் இடத்தில் மண் பெயராமல் இருக்கக் கனமான பலகை ஒன்றை இறக்குவார்கள். இனி மரத்தின் நுனி மேலே போகப் போக, அடி தானாகவே வழுக்கிக் குழிக்குள் இறங்கும்.

நுனியைத் தூக்குவது அடுத்த கட்டம். முதலில் கை, பிறகு தோள். தோளுக்கு மேல் போனதும் கவைக்கொம்பு. இரண்டு கொம்புகளைத் தலைப்பக்கம் பெருக்கல் குறி போலக் கயிற்றால் கட்டி, அந்தக் கவட்டையில் மரத்தைத் தாங்குவார்கள். குட்டைக் கொம்பு ஜோடி, அதற்கு அடுத்து உயரமான ஜோடி என்று மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே முன்னேறுவார்கள். மின்கம்பம் நடுகிற தொழிலாளர்களும் பல காலம் இதே வித்தையைத்தான் செய்தார்கள்.

கூடவே நான்கு திசையிலும் வடம். முன்னால் இருப்பது இழுக்கும் கயிறு. இரண்டு பக்கமும் மரம் புரளாமல் பிடிக்கும் கயிறுகள். பின்னால் ஒரு கயிறு. இதை அசட்டையாக நினைப்பவர்கள்தான் அதிகம். முக்கால்வாசி நிமிர்ந்த மரத்தை இழுக்க வேண்டியதே இல்லை. அது தானாகவே முன்னால் போகப் பார்க்கும். அப்போது அதை வசத்தில் வைத்திருப்பது அந்தப் பின்கயிறு மட்டும்தான். இழுக்கும் உற்சாகத்தில் எல்லோரும் முன்னால் ஓடிவிட்டால், நிமிர்ந்த வேகத்திலேயே மரம் மறுபக்கம் சாயும்.

இத்தனைக்கும் உத்தரவு கொடுப்பது ஒரே ஒருவர். மற்றவர்கள் எவ்வளவு பெரிய மனிதர்களாக இருந்தாலும் அந்த அரைமணி நேரம் வாயைத் திறக்கக் கூடாது.

டிராக்டர் என்ன செய்கிறது?

டிராக்டரின் முன்னால் இரண்டு இரும்புக் கைகளையும் ஒரு கொட்டுவாளியையும் பொருத்தினால் அதுதான் லோடர். எண்ணெய் அழுத்தத்தில் கை ஏறும், இறங்கும். எரு அள்ள, மண் தள்ள, ஜல்லி ஏற்ற என்று வாங்கியது, ஊர் வேலைக்கும் வந்து நிற்கிறது. ஜே.சி.பி. என்று நாம் பொதுப்பெயராகச் சொல்லும் மஞ்சள் வண்டியும் இதன் பெரியண்ணன்தான். ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு என்ற ஆங்கிலேயரின் பெயர்ச் சுருக்கம் அது. ஹரியானாவின் பல்லப்கரில் 1979-ல் தொழிற்சாலை தொடங்கிய அந்த நிறுவனத்தின் பெயர், இன்று மண் அள்ளும் எந்த வண்டிக்கும் தமிழ்ப்பெயர் போலவே ஆகிவிட்டது.

சாதாரண 45, 50 ஹெச்.பி. டிராக்டரில் பொருத்தும் லோடர் ஒரு டன்னுக்கு முன்னே பின்னே தூக்கும். உயரம் 10 அடி, மிஞ்சினால் 12 அடி. நம் மரமோ ஒன்றரை டன், 60 அடி. கேட்கும்போதே இடிக்கிறது அல்லவா?

இங்கேதான் எங்கே பிடித்துத் தூக்குவது என்ற கேள்வி வருகிறது. பனையின் அடி பருமன், நுனி மெலிவு. எனவே எடையின் மையம் நடுவில் இல்லாமல் அடிப்பக்கமாக, 27 அடி அளவில் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். அடியிலிருந்து 30 அடியில் சங்கிலி போட்டால், லோடர் தாங்க வேண்டிய கனம் ஏறத்தாழ 1,350 கிலோ. வண்டியின் பின்சக்கரம் தரையை விட்டுக் கிளம்பிவிடும். அதே சங்கிலியை 45 அடிக்குத் தள்ளிப் போட்டால் கனம் 900 கிலோவாகக் குறைந்துவிடும். ஆனால், 11 அடி தூக்கினாலும் மரம் 14 டிகிரி மட்டுமே நிமிரும். கனத்தைக் குறைத்தால் கோணம் கிடைக்காது. கோணம் வேண்டுமென்றால் கனத்தைச் சுமக்க வேண்டும்.

ஆகவே ஒரே மூச்சில் முடிவதில்லை. லோடர் நுனிப்பக்கம் பிடித்து முடிந்த உயரத்துக்குத் தூக்கும். அந்த உயரத்தில் கவைக்கொம்பைக் கொடுத்து மரத்தைத் தாங்கவைப்பார்கள். லோடர் இறங்கி, இன்னும் கொஞ்சம் உள்ளே வந்து மறுபடி பிடிக்கும். கொம்பும் ஒரு பங்கைச் சுமப்பதால் இப்போது வண்டிக்குப் பளு குறைவு. இப்படி இரண்டு, மூன்று முறை.

அதற்கு மேல் வண்டிக்கு வேலை இல்லையா என்றால், இருக்கிறது. தரையோடு கிடக்கும் மரத்தைக் கயிற்றால் இழுத்தால், இழுக்கும் விசையில் பெரும்பகுதி மரத்தை நீளவாக்கில் குழியை நோக்கித் தள்ளுமே தவிர, மேலே தூக்காது. முதல் 25, 30 டிகிரிதான் மனிதர்களின் முதுகை ஒடித்த பாகம். அந்த பாகத்தை லோடர் வாங்கிக்கொண்டதுதான் உண்மையான விடுதலை. அதற்குப் பிறகு கயிறு நன்றாக வேலை செய்யும். டிராக்டர் முன்னால் போய் நின்று, இழுவை வண்டியாக மாறிவிடலாம்.

அப்படி இழுக்கும்போது கயிற்றைக் கட்டும் இடம் முக்கியம். டிராக்டருக்குப் பின்னால் தாழ்வாக இருக்கும் கொக்கியில் மட்டுமே கட்ட வேண்டும். சீட்டுக்குப் பக்கத்திலோ, பின்சக்கரத்தின் அச்சுக்கு மேலேயோ கட்டிவிட்டு அழுத்தி இழுத்தால், முன்சக்கரம் எழும்பி டிராக்டர் ஓட்டுபவர் மீதே மல்லாந்துவிடும். கண்மூடித் திறப்பதற்குள் நடந்துவிடும் விபத்து இது. பிரேக் மிதிக்கக்கூட நேரம் இருக்காது.

ஹைட்ரா கிரேன் கிடைக்கும் ஊர்களில் கதை சுருக்கம். பெல்ட் போட்டு மரத்தை அப்படியே தூக்கி, குழிக்கு நேராகக் கொண்டுவந்து இறக்கிவிடும். ஆனால் உள்ளடங்கிய கிராமத்துக்குக் கிரேன் வர வாடகையும் வேண்டும், வழியும் வேண்டும். டிராக்டர் என்றால் பக்கத்துக் கொல்லையிலேயே நிற்கிறது. ஓட்டுபவரும் பெரும்பாலும் பங்காளியோ மாமனோ மச்சானோதான்.

அதில்தான் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. கிரேன் ஓட்டுபவருக்குத் தூக்குவதே தொழில். டிராக்டர் ஓட்டும் தம்பிக்கு உழவும் டிப்பரும் பழக்கம். 60 அடி மரம் வருடத்துக்கு ஒரு நாள். "ஏறு, ஏறு, இன்னும் ஏறு" என்று ஆளுக்கொரு பக்கம் கத்தினால் அவர் யார் பேச்சைக் கேட்பார்? இன்ஜின் சத்தத்தில் குரல் கேட்பதே சந்தேகம். அந்தக் காலத்தில் ஒரே குரல் போதும். இப்போது ஒரே ஆள், ஓட்டுபவரின் கண்ணில் படும் இடத்தில் நின்று, கை ஜாடை காட்ட வேண்டும்.

சங்கிலியை வாளியின் பல்லில் சும்மா மாட்டித் தூக்குவது பல இடங்களில் வழக்கம். வாளி லேசாகச் சாய்ந்தாலே வழுக்கி வந்துவிடும். கொக்கி பற்றவைத்த வாளியே பாதுகாப்பு. லோடர் கைக்குக் கீழே, மரத்துக்குக் கீழே யாரும் போகக் கூடாது. எண்ணெய்க் குழாய் ஒன்று வெடித்தால் கை அப்படியே கீழே வந்துவிடும். செல்போனில் வீடியோ எடுக்கிறவர்களைத் தள்ளி நிறுத்துவது இன்றைக்கு மரத்தைத் தூக்குவதைவிடக் கஷ்டம்!

குழிக்குள்தான் உயிர்

மின்கம்பம் நடுவதில் ஒரு கணக்கு உண்டு. மொத்த நீளத்தில் ஆறில் ஒரு பங்கு மண்ணுக்குள் போக வேண்டும். அந்தக் கணக்கில் 60 அடி மரத்துக்கு 10 அடிக் குழி. மொரப்பூர் மண்ணில் 4, 5 அடி தோண்டியதுமே சில இடங்களில் பாறை குறுக்கே நிற்கும். டிராக்டரில் மாட்டும் குழி தோண்டும் மெஷினின் சுருள் கத்தி, பாறையைக் கண்டதும் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

ஆழம் குறைந்தால் அதை இழுவைக் கம்பியோ வடமோதான் ஈடுகட்ட வேண்டும். நான்கு திசையிலும், மரத்திலிருந்து நன்றாகத் தள்ளி, முளை அடித்துக் கட்ட வேண்டும். தபசு அன்று கூட்டம் நெருக்கியடிக்கும்போது இந்த வடங்கள் காலில் தடுக்கும். "எதுக்குய்யா இது குறுக்கே?" என்று அவிழ்த்துவிடச் சொல்லவும் ஆள் இருப்பார்கள். அவிழ்க்கக் கூடாது. மரத்தின் உச்சியில் ஒரு மனிதர் ஏறி உட்கார்ந்து கை வீசி எலுமிச்சை எறியும்போது, அந்த அசைவு முழுவதும் நெம்புகோல் போல அடிமண்ணைத்தான் பதம் பார்க்கும்.

குழியை மூடுவதிலும் அவசரம் கூடாது. ஒரேயடியாக லோடரால் மண்ணைத் தள்ளி மேலே மிதித்துவிட்டால், பார்ப்பதற்கு நிறைந்த மாதிரி இருக்கும். உள்ளே பொந்து பொந்தாக இருக்கும். முக்கால் அடிக்கு ஒரு அடுக்கு, கருங்கல் துண்டுகளை ஆப்பு போலச் செருகி, மண் போட்டு, தண்ணீர் தெளித்து, கடப்பாரையின் பின்முனையாலோ குத்துக்கட்டையாலோ இடித்து, பிறகு அடுத்த அடுக்கு. இந்த வேலைக்கு இன்னும் எந்த வண்டியும் வரவில்லை. மொத்த வேலையில் அலுப்பானதும் இதுதான். ஏறப்போகிறவரின் உயிர் நின்றுகொண்டிருப்பதும் இதன் மீதுதான்.

தலைக்கு மேலே ஒரு கம்பி

மரம் நிறுத்தும் இடத்தை முடிவு செய்வதற்கு முன்னால் அண்ணாந்து பார்க்க வேண்டும். இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது.

2023 மார்ச் 18-ம் தேதி, மொரப்பூருக்குப் பக்கத்துப் பேரூரான கம்பைநல்லூர் அருகே ஒரு காட்டு யானை மேட்டில் ஏறியபோது, தாழ்வாகச் சென்ற உயரழுத்த மின்கம்பியில் பட்டு அந்த இடத்திலேயே இறந்தது. அந்த வீடியோவை நம்மில் பலர் போனில் பார்த்திருப்போம். சமதரையில் நின்றால் எட்டாத கம்பி, மேட்டில் ஏறினால் எட்டிவிடுகிறது. அதற்கு முந்தைய ஆண்டு, 2022 ஏப்ரல் 27 அதிகாலையில், தஞ்சாவூர் அருகே களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேரின் உச்சி மின்கம்பியைத் தொட்டதில் 11 பேர் இறந்தார்கள். தேரை இழுத்தவர்கள் முன்னால் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மத்திய மின்சார ஆணையத்தின் விதிப்படி, தெருவைக் கடக்காத வெட்டவெளியில் 11,000 வோல்ட் வரையிலான திறந்த கம்பி தரையிலிருந்து குறைந்தது 4.6 மீட்டர் உயரத்தில் இருந்தால் போதும். அதாவது 15 அடி. கேட்க அதிக உயரமாகத் தெரியும். லோடரின் கையை 10 அடிக்குத் தூக்கி, அதில் தொங்கும் கம்பத்தின் தலை 5 அடி மேலே நீட்டிக்கொண்டிருந்தால் முடிந்தது கதை. தபசு மரம்வரை போக வேண்டியதில்லை. பந்தலுக்கு நடும் ஒரு சாதாரணக் காலே போதும்.

"மரம்தானே, கரன்ட் பாயாது" என்பார்கள். காய்ந்து சுக்கான மரத்துக்கு அது ஓரளவு பொருந்தலாம். வெட்டி ஒரு வாரமான பனைக்குள் முழுக்க நீர். அதைக் கட்டியிருப்பது இரும்புச் சங்கிலி. பிடித்திருப்பது இரும்பு வண்டி.

தபசு மரத்துக்கு ஒரு நேரான கணக்கு உண்டு. மரத்தின் முழு நீளத்துக்கும் அதற்கு மேலும் சேர்த்து எந்தத் திசையிலும் கம்பி இருக்கக் கூடாது. நிமிரும்போது எந்தப் பக்கம் புரண்டாலும், நின்ற பிறகு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் தொடக் கூடாது. கோயிலுக்கு எதிரே இடமில்லை, கம்பி குறுக்கே போகிறது என்றால், மின்வாரியத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, ஆள் வந்து மின்சாரத்தை நிறுத்திய பிறகுதான் மரத்தில் கை வைக்க வேண்டும். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. திருவிழாக் கமிட்டியில் ஒருவர் போனிலாவது இது இருக்கட்டும்.

தப்பித்தவறி வண்டி கம்பியைத் தொட்டுவிட்டால்? ஓட்டுபவர் சீட்டை விட்டு இறங்கக் கூடாது. வண்டியில் இருக்கும்வரை ஆபத்து குறைவு. ஒரு கால் வண்டியிலும் ஒரு கால் தரையிலும் பட்ட நொடியில்தான் மின்சாரம் உடம்பு வழியே பாயும். காப்பாற்றுவதாக நினைத்து மற்றவர்களும் கிட்டே போகக் கூடாது. மின்சாரம் நின்றது உறுதியான பிறகே நெருங்க வேண்டும். தீப்பிடித்து இறங்கியே ஆக வேண்டும் என்றால், வண்டியைக் கையால் தொடாமல் இரண்டு காலையும் சேர்த்து வெளியே குதித்து, காலைப் பிரிக்காமலேயே தத்தித் தத்தித் தூரம் போக வேண்டும்.

ஜப்பானிலும் ஒரு மரம்

ஜப்பானின் சுவா என்ற இடத்திலுள்ள பழைமையான கோயிலில், ஆறு வருடத்துக்கு ஒருமுறை மலையிலிருந்து 16 பெரிய மரங்களை வெட்டி இழுத்துவந்து, கோயிலின் நான்கு மூலைகளிலும் தூண்களாக நிறுத்துகிறார்கள். ஒவ்வொரு மரத்தையும் நூற்றுக்கணக்கானவர்கள் கயிறு பிடித்து இழுக்கிறார்கள். மரம் மெல்ல மெல்ல நிமிரும்போதே அதன் மேல் ஆட்கள் தொற்றிக்கொண்டு பாடுவார்கள். 2016-ல் அப்படி நிமிர்த்திய ஒரு தூணின் மேலிருந்து விழுந்து ஒருவர் இறந்தார். 2022-ல் கொரோனா காரணமாக, மலையிலிருந்து மரங்களை இறக்கும் பாகத்தை டிரெய்லர் வண்டியிடம் விட்டார்கள். ஆட்கள் இழுக்காத மரம் சாமி மரம் ஆகுமா என்ற கேள்வி அங்கேயும் எழுந்திருக்கும்.

நம் பக்கம் அந்தக் கேள்விக்கு ஊர்கள் தாங்களாகவே ஒரு வழி கண்டுபிடித்துக்கொள்கின்றன. மஞ்சள் பூசி, பூசை போட்டு, கற்பூரம் காட்டும்வரை மரம் சாமிக்கு. அப்புறம் லோடருக்கு. நிமிர்ந்து கொண்டிருக்கும்போது முன்கயிற்றைப் பெயருக்காவது ஊர்க்காரர்கள் பிடித்துக்கொள்வார்கள். உண்மையில் டிராக்டர்தான் இழுக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். வடத்தில் கை வைக்காமல் நின்றால் மனசு கேட்காது.

வீட்டுக் கொல்லையில் கால் நடுவோருக்கு...

தபசு மரம் வருடத்துக்கு ஒன்று. பாகல், பீர்க்கன், புடலைக்குப் பந்தல் போடுகிறவர்கள் ஒரே வாரத்தில் நூற்றுக்கணக்கில் கால் நடுகிறார்கள். இந்தப் பக்கம் கருங்கல் கால் அதிகம். அரை அடிக்கு அரை அடி, 10 அடி நீளக் கல்லென்றால் 185 கிலோ. அதே நீளத்தில், முக்கால் அடிக்குமேல் குறுக்களவுள்ள உருண்டை வேலமரக் கால் 125 கிலோவுக்குக் குறையாது. இதற்கு லோடர் ஒன்றே போதும். காலின் நடுவுக்குச் சற்று மேலே பெல்ட் போட்டால் அடிப்பக்கம் தானாகக் கீழே தொங்கும். குழிக்கு நேராக இறக்கிவிடலாம். நடுவுக்குக் கீழே போட்டால் கவிழ்ந்து ஆளைத் தட்டும். தொங்கும் காலைக் கையால் தள்ளித் திருப்பாமல், அடியில் ஒரு கயிறு கட்டி அதைப் பிடித்துத் திருப்ப வேண்டும். வண்டி நகரும்போது காலைத் தரையை ஒட்டியே வைத்திருக்க வேண்டும். சரிவில் உயரத் தூக்கிக்கொண்டு திரும்பினால் டிராக்டர் குடை சாயும்.

10 அடிக் காலுக்கு 2 அடி மண்ணுக்குள். மூலைக் கால்களை மட்டும் கொஞ்சம் வெளிப்பக்கம் சாய்த்து நட்டு, இழுவைக் கம்பியால் கல்லில் கட்ட வேண்டும். காய் பிடித்த பந்தலின் கனம் முழுக்க அவற்றைத்தான் உள்ளே இழுக்கும். மரக்கால் என்றால் மண்ணுக்குள் போகும் பாகத்தைத் தீயில் கருக்கி, தார் பூசிவிட்டு நடுவது கரையானுக்குப் பழைய மருந்து.

இறக்குவதும் ஒரு வேலை

பாரதம் முடிந்து, தீமிதியும் முடிந்து, கூத்துக்காரர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். மரம் மட்டும் நிற்கும். இறக்குவதற்குக் கூட்டம் வராது. மைக் கிடையாது, வீடியோ கிடையாது. "நாலு பேர் போதும், அடியைத் தோண்டிச் சாய்ச்சிடலாம்" என்று தோன்றும். ஏற்றும்போது இருந்த அதே கயிறுகள், அதே பின்கயிறு, அதே ஒற்றை ஆளின் கைஜாடை இப்போதும் வேண்டும். வாய்க்கால் பக்கத்து மண்ணை மட்டும் முதலில் எடுத்து, மரம் எந்த வழியாக உள்ளே போனதோ அந்த வழியாகவே மெதுவாகச் சாய்க்க வேண்டும். பாதிக்குமேல் சாய்ந்த பிறகு லோடர் கீழிருந்து தாங்கிக்கொள்ளும்.

பிறகு படிகளைக் கழற்றி, மரத்தைக் கோயில் சுவரோரம் கல் அடுக்கி அதன் மேல் கிடத்துகிறார்கள், மண் படாமல். குழியை அன்றைக்கே மூடிவிட வேண்டும். 10 அடி ஆழம், சுற்றிலும் விளையாடும் பிள்ளைகள். லோடர் நிற்கும்போதே மண்ணைத் தள்ளிவிட்டால் ஐந்து நிமிட வேலை.